நாலடித் தடுப்பணை, விரல் நீளக் கெண்டை: மீனுக்கு எந்த வழியை விடலாம்?

போன நவம்பரில் ஒரு ராத்திரி, தாம்பரத்துக்கு மேற்கே அடையாற்றின் குறுக்கே இருக்கும் ஒரு தடுப்பணையின் அடியில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நாள் விடாமல் பெய்த மழை அன்று மாலைதான் ஓய்ந்திருந்தது. நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் அணைச் சுவர் முழுக்கத் தண்ணீர் பளபளவென்று வழிந்தது. சுவரை ஒட்டிய கான்கிரீட் தளத்தில் நாலு விரல் ஆழம்கூட இல்லாத தண்ணீர். அதில் விரல் நீளக் கெண்டைகள் கூட்டம் கூட்டமாக வந்து மேலே துள்ளிக்கொண்டிருந்தன.

சுவரின் உயரம் 4 அடி. துள்ளியதில் உயரமாகப் போனது ஒரு சாண் போயிருக்கும். சுவரில் மோதும், தளத்தில் விழும், புரண்டு நிமிரும், மறுபடி துள்ளும். ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மேலுதட்டில் தோல் உரிந்து சிவந்திருந்தது. வயிறு புடைத்து, லேசாக அழுத்தினாலே முட்டை வந்துவிடும் போலிருந்தது. அந்த முட்டையை இட வேண்டிய இடம் சுவருக்கு அந்தப் பக்கம், ஏரிக் கரையோரம் புதுத்தண்ணீரில் மூழ்கிய புல்லில் இருக்கிறது.

நான் மீன் உயிரியலாளர். ஆறுகளிலும் கால்வாய்களிலும் மீன் போக வர வழி திறப்பதும், அது தங்குகிற இடத்தைச் சீர்செய்வதும் என் வேலை. அந்த அணைக்கு என்ன செய்யலாம் என்று பேச ஜனவரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். நீர்வளத் துறைப் பொறியாளர் ஒருவர், இரண்டு குடியிருப்பு நலச் சங்கத்துக்காரர்கள், கிணற்றுப் பாசனம் செய்கிற மூன்று பேர், அங்கேயே வலை போடும் ஒரு பெரியவர், அப்புறம் நான். ஏழெட்டு யோசனைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆதரவாக யாரோ ஒருவர் இருந்தார். கடைசியில் “மேடம், நீங்களே எல்லாத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிக் கொடுங்க” என்றார் பொறியாளர். அவருக்கு எழுதியதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். இந்த மாதிரி ஒரு சுவர் உங்கள் ஊர் ஆற்றிலும் இருக்கும்.

முதலில், ஏறுவது யார்?

வழியைப் பற்றிப் பேசுமுன் பயணிகள் யார் என்று பார்க்க வேண்டும். கூட்டத்தில் பாதிப் பேர் மனதில் இருந்தது கடலிலிருந்து ஏறிவரும் மீன். அந்த மீன்கள் சென்னையில் உண்டு. மடவை கடலில் முட்டையிடும், குஞ்சு முகத்துவாரம் வழியாகக் கழிமுகத்துக்குள் வந்து வளரும். கொடுவாவும் உப்பும் நன்னீரும் கலக்கும் இடத்தில் பிறந்து ஆற்றுக்குள் ஏறும். விலாங்கு ஆழ்கடலில் பிறந்து, ஆற்றில் பல வருடம் வாழ்ந்து, முட்டையிடத் திரும்பக் கடலுக்கே போகும். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்று எல்லோருக்கும் வாயில் வரும். அடையாற்றில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது மிகக் குறைவு.

ஆனால் நம்முடைய தடுப்பணை கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே இருக்கிறது. அடையாறே மொத்தம் 42 கிலோமீட்டர்தான். கடலிலிருந்து கிளம்பும் மீன் இந்தச் சுவர் வரை வர வேண்டுமானால் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, அனகாபுத்தூர் என்று சாக்கடை கலந்த நீளம் முழுவதையும் கடந்தாக வேண்டும். இங்கே சுவரில் முட்டுபவை பெரும்பாலும் உள்ளூர்ப் பயணிகள்: கெண்டை, கெளுத்தி, அயிரை, விரால். மணிமங்கலம், ஆதனூர், சோமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பிக் கலிங்கு (உபரி நீர் வழிய ஏரிக்கரையில் கட்டிய தாழ்வான சுவர்) வழியும்போது, அந்தப் புதுத்தண்ணீரின் வாசனையைப் பிடித்து ஆற்றிலிருந்து ஏரிக்கு ஏறுகிற மீன்கள் இவை. போகிற தூரம் சில கிலோமீட்டர்தான். அதைப் போகாவிட்டால் அந்த வருடம் குஞ்சு இல்லை.

இதனால் இரண்டு விஷயம் முடிவாகிவிடுகிறது. ஒன்று, வழி சின்ன மீனுக்கானதாக இருக்க வேண்டும். இரண்டு, காலம் ரொம்பக் குறைவு. சென்னைக்கு வருடத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அந்த மூன்று மாதத்திலும் ஒவ்வொரு பெருமழைக்குப் பின் சில நாள்தான் மீன் ஏறும். நாம் கட்டுகிற வழி அந்தச் சில நாளில் வேலை செய்தாக வேண்டும். மீதி ஒன்பது மாதம் அது எப்படி இருந்தாலும் கெண்டைக்குக் கவலையில்லை.

கான்கிரீட் படிக்கட்டு

மீன்வழி என்றாலே எல்லோர் கண்ணிலும் வருவது இதுதான். பொறியாளர் போனில் ஒரு படம் காட்டினார்: வரிசையாகத் தொட்டிகள், ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தண்ணீர் குதிக்கிறது, பெரிய சால்மன் ஒன்று அந்தரத்தில் பறக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறது. வரைபடமும் எஸ்டிமேட்டும் போடச் சுலபம். சுவரை உடைக்க வேண்டாம், தேங்கும் தண்ணீரும் குறையாது.

எனக்கு இதில் பெரிய தயக்கம் இருக்கிறது, காரணம் ஒரு எளிய கணக்கு. தண்ணீர் ஒரு படியிலிருந்து 30 சென்டிமீட்டர் இறங்கினால் அந்த இடத்தில் அதன் வேகம் நொடிக்கு சுமார் 2.4 மீட்டர். 10 சென்டிமீட்டர் இறங்கினால் 1.4 மீட்டர். மீன் ஒரு உந்தலில், சில நொடிகளுக்கு மட்டும், நொடிக்குத் தன் உடல் நீளத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் நீந்தும் என்பது நாங்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. முழ நீள சால்மன் 30 சென்டிமீட்டர் படியைத் தாண்டும். 7 சென்டிமீட்டர் கெண்டைக்கு நொடிக்கு 70 சென்டிமீட்டர்தான் உச்சம். படத்தில் பார்த்த படிக்கட்டை அப்படியே கட்டினால் நம் கெண்டைக்கு அது இன்னொரு சுவர்தான். கெளுத்தியும் அயிரையும் துள்ளும் மீனே அல்ல, அடித்தரையை ஒட்டியே போகும்.

இது மற்ற நாடுகளில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ராக்ஹாம்ப்டன் ஊரில் ஃபிட்ஸ்ராய் ஆற்றின் குறுக்கே ஒரு பெரிய தடுப்பு இருக்கிறது. அதில் முதலில் வைத்த தொட்டிப் படிக்கட்டு அங்கிருந்த மீன்களுக்குச் சரிவரவில்லை. 1994-ல் அதையே மாற்றி, தொட்டிச் சுவர்களில் மேலிருந்து அடிவரை செங்குத்தான இடைவெளி விட்டுக் கட்டினார்கள். மீன் துள்ளாமல், தனக்குப் பிடித்த ஆழத்தில் நீந்தியே போகலாம். அதன் பிறகு பல இன மீன்கள் ஏறின. அங்கே பேர்போன பாரமுண்டி வேறு எதுவும் இல்லை, நம்முடைய கொடுவாதான். அதே இனம்.

அப்படியானால் நாமும் செங்குத்து இடைவெளி வைத்துக் கட்டலாமே? கட்டலாம். ஆற்றின் கீழ்ப்பகுதியில், வருடம் முழுக்கத் தண்ணீர் இருக்கும் பெரிய தடுப்பாக இருந்தால் நானே அதைத்தான் கேட்பேன். இங்கே அந்த இடைவெளிகளின் பெரிய எதிரி குப்பை. முதல் மழையில் இந்த ஆற்றில் வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஆகாயத்தாமரை, தெர்மாகோல், பிளாஸ்டிக் பை, ஒருமுறை முழு மெத்தை. ஒரு கை அகல இடைவெளி ஒரு மணி நேரத்தில் அடைத்துக்கொள்ளும். நடுராத்திரி மழையில் யார் இறங்கி எடுப்பது என்று கேட்டேன். கூட்டத்தில் யாரும் கையைத் தூக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது.

சுவரையே எடுத்துவிடுவது

மீனுக்கு இதைவிட நல்லது எதுவுமில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா ஆற்றில் ஏறத்தாழ நூறு வருடம் நின்ற இரண்டு பெரிய அணைகளை 2011-ல் தொடங்கி 2014-க்குள் எடுத்தார்கள், சால்மன் மேலே திரும்பியது. அணையை எடுத்தால் பராமரிப்பு கிடையாது, குப்பை அடைக்காது, எந்த மீன் எவ்வளவு நீளம் என்ற கணக்கும் வேண்டாம்.

கூட்டத்துக்குப் போகும்போது நானும் இதையே பேசலாம் என்றுதான் இருந்தேன். கிணற்றுக்காரர்களில் ஒருவர் என்னை எழுப்பி அழைத்துப்போய்த் தன் கிணற்றைக் காட்டினார். அணை கட்டுவதற்கு முன் மே மாதத்தில் தண்ணீர் எந்த இடத்தில் நிற்கும், இப்போது எங்கே நிற்கிறது என்று கிணற்றுச் சுவரின் பாசிக்கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டுக்கும் நடுவே ஆறேழு வரிசைக் கல். மனிதர் வேறு எதுவும் பேசவில்லை. வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை இறைத்து இறைத்துக் கடல்நீர் உள்ளே வந்த கதை சென்னையில் எல்லோருக்கும் தெரியும். இந்த நகரத்தின் ஓரத்தில் தேங்கும் ஒவ்வொரு குளம் தண்ணீரும் யாரோ ஒருவருடைய மோட்டாருக்குப் போகிறது. அந்தச் சுவரை எடு என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் பயனே இல்லாமல் நிற்கும் சுவர்கள் வேறு இடங்களில் நிறைய உண்டு. மண் மூடிப்போன பழைய படுக்கை அணை, பாலம் கட்டியபோது போட்டு அப்படியே விட்ட கான்கிரீட் தடுப்பு, சாலைக்கு அடியில் ஒரு முழம் தூக்கி வைத்த குழாய். அவற்றை எடுப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் ஊரில் அப்படி ஒன்று இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் அதை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஷட்டர், வாய்க்கால், மீன்குஞ்சு

ஷட்டர் உள்ள தடுப்புகளில் செலவே இல்லாத வழி, அதைச் சரியான நேரத்தில் திறப்பது. கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பு இதற்குப் பாடம். நெல்வயலுக்குள் உப்பு ஏறாமல் இருக்க 1970-களில் கட்டியது. உப்புநீரைத் தேடிக் கீழே போய் முட்டையிட்டு, குஞ்சாக மேலே வர வேண்டிய ஆற்றுக்கொஞ்சு என்ற பெரிய நன்னீர் இறாலின் வழி அதோடு மறிபட்டது. அங்கே பல வருடமாக நடக்கும் வாதமே ஷட்டரை எந்த மாதம் மூடுவது, எப்போது திறப்பது என்பதுதான். நம் அணையில் ஷட்டர் இல்லை. மணல் போக்க விட்ட சின்னத் துவாரம் ஒன்று உண்டு, அது திறந்தால் தண்ணீர் பீரங்கி மாதிரி பாயும். மீனுக்கு ஆகாது.

சுற்று வாய்க்கால் என்பது அணையைச் சுற்றிக் கரையோரமாக ஒரு சின்ன ஓடை வெட்டுவது. மெதுவாக வளைந்து இறங்கும், புல் பூண்டு வளரும், மீனுக்கு வழியாகவும் வீடாகவும் இருக்கும். எனக்கு மனதளவில் பிடித்தது இதுதான். ஆனால் இடம்? இந்தக் கரையில் ஒரு பக்கம் மதில் சுவர், மறுபக்கம் தார்ச்சாலை. பேச்சு அதோடு முடிந்தது.

நலச் சங்கத்தார் ஒருவர் நல்ல மனதோடு சொன்னது: “எதுக்கு இவ்வளவு சிரமம்? வருஷா வருஷம் மீன்குஞ்சு வாங்கி மேலே விட்டுடலாமே.” வாங்கக் கிடைப்பது கட்லாவும் ரோகுவும். கங்கைப் பக்கத்து மீன்கள். ஏரிக் குத்தகைக்காரருக்கு அது லாபம், அதை நான் மறுக்கவில்லை. அடியில் முட்டிக்கொண்டிருக்கும் கெண்டைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. கீழே பிடித்து வாளியில் மேலே தூக்கி விடலாம் என்றும் ஒருவர் சொன்னார். அந்த நவம்பர் ராத்திரி நான் அதைச் செய்தேன், மூன்று வாளி. செய்யாமல் இருக்க முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு மழைக்கும் ஒரு ஆள் வாளியோடு நிற்பார் என்று நம்பி ஒரு திட்டம் போட முடியாது.

கல் சரிவு

நான் கேட்பது இதை. அணையின் கீழ்ப்பக்கம், ஆற்றின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும், ஒரு கரையை ஒட்டிப் பெரிய பாறைகளை அடுக்கி ஒரு நீளச் சரிவு. பாறைகளைக் கொட்டிவிட்டுப் போவதல்ல. ஆற்றின் குறுக்கே வரிசை வரிசையாக நட வேண்டும், வரிசைக்கு வரிசை 6 சென்டிமீட்டர் இறக்கம், நடுவே ஒன்றரை மீட்டர் குட்டை. 120 சென்டிமீட்டர் உயரத்துக்கு 20 வரிசை, 30 மீட்டர் நீளம். அதாவது 25-க்கு 1 சரிவு. குறுக்குவெட்டில் பார்த்தால் தட்டு மாதிரி, நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேடாகவும் இருக்கும். தண்ணீர் குறைந்த நாளில் நடுப்பள்ளத்தில் ஓடும். நிறைய வரும் நாளில் ஓரத்துக் கற்களுக்கு மேல் மெல்லிசாக, வேகமில்லாமல் பரவும். சின்ன மீன் அந்த ஓரத்தைப் பிடித்துப் போகும்.

6 சென்டிமீட்டர் இறக்கத்திலும் இடுக்கின் நடுவில் வேகம் நொடிக்கு 1 மீட்டரைத் தொடும், கெண்டைக்கு அதுவே அதிகம். ஆனால் கல்லின் முதுகில், பக்கவாட்டில், அடியில் வேகம் பாதிகூட இருக்காது. வழுவழுப்பான கான்கிரீட்டில் இந்தச் சலுகை கிடையாது. இதை நான் ஏட்டில் படித்து மட்டும் சொல்லவில்லை. இதே ஆற்றில், கொஞ்சம் மேலே, கரை இடிந்து பாறைகள் சரிந்து கிடக்கும் ஒரு இடத்தில் எலுமிச்சம்பழத்தை மிதக்க விட்டு நேரம் பார்த்தேன். நடு ஓட்டத்தில் 5 மீட்டரை ஆறு நொடியில் கடந்தது. கல்லுக்குப் பின்னால் விட்ட பழம் நின்ற இடத்திலேயே சுழன்றுகொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே நாலு கெண்டை, முகத்தை ஓட்டத்தின் பக்கம் திருப்பி, வாலை மட்டும் ஆட்டியபடி இளைப்பாறின. ஒன்று சட்டென்று அடுத்த கல்லுக்குத் தாவியது. பின்னாலேயே மற்றவை. ஒரு மீட்டர் போக, கொஞ்சம் மூச்சு வாங்க, இன்னொரு மீட்டர்.

அன்று இருட்டிய பிறகு இன்னொன்றும் பார்த்தேன். தண்ணீர் கசிந்து ஈரமாக இருந்த ஒரு பாறையின் முகத்தில், தண்ணீருக்கு வெளியே, நன்னீர் இறால் குஞ்சுகள் வரிசையாக நடந்து ஏறிக்கொண்டிருந்தன. கண்ணாடி மாதிரி உடம்பு, விளக்கு பட்டால் இரண்டு கண் மட்டும் செந்நிறமாக மின்னும். ஈரமும் சொரசொரப்பும் இருந்தால் அவை நடந்தே ஏறிவிடும். கல் சரிவில் ஓரம் எப்போதும் ஈரமாக இருக்கும். கான்கிரீட் படிக்கட்டில் இந்தப் பயணிக்கு டிக்கெட்டே கிடையாது.

சரி, குறைகள்? இருக்கின்றன, கூட்டத்தில் எல்லாமே வெளியே வந்தன.

பெரிய பயம் வெள்ளம். 2015 டிசம்பரில் இந்தப் பக்கத்து வீடுகளில் முதல் மாடிவரை தண்ணீர் நின்றது. செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்ததைத்தான் நகரம் ஞாபகம் வைத்திருக்கிறது. இவர்களை மூழ்கடித்தது இந்த அணைக்கு மேலே உள்ள ஏரிகளிலிருந்து வந்த தண்ணீர். ஆற்றுக்குள் கல் போடப்போகிறோம் என்றதும் ஒரு அம்மாள் எழுந்து, “எங்க வீட்டுக்குள்ள தண்ணி வராதுன்னு எழுதிக் கொடுப்பீங்களா?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. சரிவின் எந்தக் கல்லும் அணையின் தலைமட்டத்துக்கு மேலே நீட்டாது, மூன்றில் இரண்டு பங்கு அகலம் இப்போது இருப்பதுபோலவே திறந்திருக்கும். இருந்தாலும் என் வாய்ப்பேச்சு போதாது. வெள்ள மட்டத்தைக் கணக்கிட்டுக் காட்டிவிட்டுத்தான் முதல் லாரி வர வேண்டும் என்று அறிக்கையில் எழுதியிருக்கிறேன். அந்த அம்மாளுக்கும் ஒரு நகல் போகிறது.

அவர் பக்கத்தில் இருந்தவர் வேறு மாதிரி கேட்டார்: அவ்வளவு வெள்ளம் வந்தால் அணையே முழுகிவிடுமே, மீன் தானாக ஏறாதா? ஏறும். மேலும் கீழும் ஒரே மட்டமாகத் தண்ணீர் நிற்கும் அந்த ஒன்றிரண்டு நாளில் சுவர் இல்லாத மாதிரிதான். அது எல்லா வருடமும் வருவதில்லை, வரும்போதும் முட்டைக் காலத்தோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

அடுத்தது தண்ணீர் இழப்பு. மீனுக்கு நடுப்பள்ளத்தில் தண்ணீர் ஓட வேண்டுமானால் அணையின் தலையில் அரை அடி ஆழத்துக்கு ஒரு வெட்டு வேண்டும். கிணற்றுக்காரர்கள் உடனே முகம் சுளித்தார்கள். இதற்குப் பொறியாளரே நல்ல பதில் சொன்னார்: வெட்டின் இரண்டு பக்கமும் பள்ளம் விட்டு, பொங்கல் கழித்து ஓட்டம் நின்றதும் ஒரு பலகையைச் சொருகிவிடலாம், புரட்டாசி கடைசியில் எடுத்துவிடலாம். மூன்று மாதம் மீனுக்கு, ஒன்பது மாதம் கிணற்றுக்கு. பலகையை எடுத்துப் போடும் பொறுப்பை மூன்று பேரில் இளையவர் ஏற்றுக்கொண்டார்.

வலை போடும் பெரியவர் அதுவரை வாயே திறக்கவில்லை. கடைசியில் என்னைப் பார்த்து, “இன்னாமா, மீனுக்கு ரோடு போட்டுக் குடுக்கிற, சரி. ரோட்டு முனையில கொசுவலை கட்டிக்கினு நாலு பேர் நிப்பானே, அதுக்கு இன்னா பண்ணுவ?” என்றார். எனக்கு முன்பே உறுத்திய விஷயத்தை அவர் நேராகப் போட்டு உடைத்தார். மீன்வழி மீனை ஒரே இடத்துக்குக் கூட்டிவருகிறது. கலிங்கில் ஏறும் மீனுக்கு ஊத்தாவும் கொசுவலையும் வைத்துப் பிடிப்பது நம் ஊரில் புதிதல்ல. சின்ன வயதில் நானும் பிடித்திருக்கிறேன். கரையை ஒட்டிய சரிவு காவலுக்குச் சுலபம், திருட்டுக்கும் சுலபம். சரிவின் இரண்டு முனையிலும் எவ்வளவு தூரத்துக்கு வலை கூடாது என்று அங்கே மீன் பிடிப்பவர்களே பேசி முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டோம். ஐம்பது அடி என்றார் அவர். நான் நூறு கேட்டேன். எழுபத்தைந்தில் நின்றது.

தேளி, ஜிலேபி மாதிரி வேண்டாத மீன்களும் இந்த வழியாக ஏறாதா என்று சிலர் கேட்பதுண்டு. ஏறும். ஆனால் மேலே உள்ள ஏரிகளில் அவை ஏற்கெனவே இருக்கின்றன, தேளி ஈரத் தரையில் ஊர்ந்தேகூடப் போகும். இந்தச் சுவர் அவற்றைத் தடுக்கவில்லை, கெண்டையை மட்டும்தான் தடுத்தது.

வழிக்கா, மடுவுக்கா?

இருக்கிற பணத்தை வழிக்குச் செலவிடாமல் ஆற்றைச் சீர்செய்யலாமே என்ற யோசனை பொறியாளருடையது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவர் சொன்னதில் உண்மை அதிகம். மேலே ஏறிய மீன் ஏப்ரலில் எங்கே இருக்கும்? முன்பெல்லாம் ஆற்றின் வளைவுகளில் மடு இருக்கும், மரநிழல் இருக்கும், கோடையில் மீன் அங்கே ஒதுங்கும். இப்போது ஆற்றை நேராக்கி, மட்டமாக வாரி, கரைக்குக் கான்கிரீட் பூசிவிட்டோம். முட்டை ஒட்டுவதற்குக் கரையில் புல்லும் இல்லை. நகரத்துக்குள்ளேயே இதைத் திருப்பிச் செய்ய முடியும் என்பதற்கு அடையாறு பூங்கா இருக்கிறது: குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக்கிடந்த 58 ஏக்கரை மீண்டும் நீர்நிலையாக்கி 2011-ல் திறந்தார்கள்.

அதனால் இரண்டையும் பிரிக்க வேண்டாம் என்று எழுதினேன். வழியை மட்டும் கட்டினால், மேலே போன மீன் வற்றும் குட்டையில் சாகும். மடுவை மட்டும் வெட்டினால் அதில் தேளி குடியிருக்கும். சரிவுக்கு மேலே இருநூறு மீட்டருக்குள், இடது கரை வளைவில், ஆள் உயரத்துக்கு ஒரு மடு. கரையில் கான்கிரீட் இல்லாமல் கோரையும் புல்லும் வளர விட்ட ஒரு நாற்பது மீட்டர். மடு வெட்டிய மண்ணைக் கரைக்கே போட்டுக்கொள்ளலாம், செலவு அதிகம் ஏறாது.

முகத்துவாரத்தை முதலில் பார்க்கக் கூடாதா என்ற கேள்வியும் உண்டு. மடவைக்கும் கொடுவாவுக்கும் விலாங்குக்கும் அதுதான் முதல் கதவு. சென்னைக் கடற்கரையில் மணல் வருடத்தில் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகம் அதை மறித்த பிறகு தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் அரித்தது, கூவம் வாய் அடைத்துக்கொண்டது. அடையாற்றின் வாயிலும் உடைந்த பாலத்துக்குக் கிழக்கே மணல்திட்டு திரும்பத் திரும்ப வளர்கிறது. வெள்ளம் வடிய வேண்டும் என்று மழைக்கு முன் அதை வெட்டி விடுகிறார்கள். கடல்மீன் குஞ்சு உள்ளே வர வேண்டுமானால் மழை முடிந்த பிறகும் வாய் திறந்திருக்க வேண்டும், உள்ளே மூச்சுவிடும் அளவு தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். சாக்கடை நிற்காமல் கீழ்ப்பகுதியில் எந்த மீன்வழியும் கட்டக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன், கூப்பிட்டு விருந்து வைத்து விஷம் கொடுப்பது மாதிரி ஆகிவிடும். ஆனால் அந்த வேலை நடக்கும்வரை மேலே உள்ள கெண்டையைக் காத்திருக்கச் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு வேண்டிய தண்ணீர் மேலேயே ஓரளவு நல்லதாக இருக்கிறது, அதன் பயணமும் சின்னது.

என் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உள்ளது இவ்வளவுதான்: இந்த அணைக்குக் கல் சரிவு, பலகை வெட்டு, ஒரு மடு. மேலே உள்ள மூன்று கலிங்குகளின் அடியிலும் இதே முறையில் சின்னக் கல் அடுக்கு, ஏனென்றால் அணையைத் தாண்டிய மீன் கலிங்கில் மறுபடி முட்டும். செங்குத்து இடைவெளிப் படிக்கட்டைக் கீழ்ப்பகுதிக்காக எடுத்து வைக்கவும். பாறைகள் ஒவ்வொன்றும் ஒரு டன்னுக்குக் குறையாமல், மூன்றில் ஒரு பங்கு தரைக்குள் புதைத்து. வேலை செப்டம்பர் நடுவுக்குள் முடிய வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும்.

வெள்ளக் கணக்கு போன வாரம் பொறியாளரிடமிருந்து வந்தது. சரிவு போட்டாலும் கரையில் வெள்ள மட்டம் ஏறாது என்று காட்டுகிறது. அந்த அம்மாளின் நகலை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, கல் இறக்குகிற அன்றைக்குச் சொல்லுங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்றார். அணைக்கு மேலே வைக்கக் கண்ணி வலைக்கூண்டு இரண்டு பின்னி வைத்திருக்கிறேன். அக்டோபரில் முதல் பெருமழை ஓய்ந்த ராத்திரி, மேல்பக்கம் அதில் ஏதாவது விழுகிறதா என்று பார்க்க வேண்டும்.